ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டாச்சு, இனி அந்தக் கார் நம்முடையது இல்லையா?

கேள்வி | 2 ஜூன் 2024, மாலை 6.10

போன அக்டோபரில் என் 2012 மாடல் ஸ்விஃப்ட்டை ஈரோட்டில் ஒரு புரோக்கர் மூலமாக விற்றேன். ரூ.2.85 லட்சம், முழுப் பணமும் அக்கவுண்டுக்கு வந்துவிட்டது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டு சாவி எல்லாம் கொடுத்துவிட்டேன். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகத்தான் இருந்தது. எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஃபாஸ்டாகில் என் பணம் போகிறது. நேற்று பல்லடத்தில் சீட் பெல்ட் போடவில்லை என்று என் போனுக்கு ஃபைன் வந்திருக்கிறது. புரோக்கரைக் கேட்டால் "29, 30 போட்டாச்சுங்களே, இனி வண்டிக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்கிறார். அவர் சொல்வது சரிதானே? இன்னொன்று, அந்தப் பணத்தைப் போட்டு நண்பனோடு சேர்ந்து திருப்பூரில் ஒரு பவர்டேபிள் யூனிட் (மெஷின் போட்டுத் துணி தைக்கும் பட்டறை) ஆரம்பிக்கப் போகிறேன். இப்போதைக்கு எல்லாம் வாய்ப்பேச்சுதான். அதற்கும் ஏதாவது பேப்பர் வேலை இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூன் 2024, இரவு 10.45

சரியில்லை தம்பி. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவே அதைத்தான் சொல்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டது வெறும் விண்ணப்பம், அதை யாரும் கொண்டுபோய்க் கொடுக்காத வரை உங்கள் பெயர் அங்கேயேதான் இருக்கும். புரோக்கர்கள் பலர் கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்த இடம் காலியாக இருந்தால்தான் இரண்டு மூன்று கை மாற்றி விற்க முடியும், ஒவ்வொரு கைக்கும் மாற்றுச் செலவு மிச்சம்.

நாளைக் காலையில் முதல் வேலையாக மூன்று காரியம் செய்யுங்கள். ஃபாஸ்டாகை வங்கியில் சொல்லி மூடுங்கள். பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஃபார்ம் 29-ஐ மறுபடி நிரப்பி, விற்ற தேதியையும் புரோக்கர் பெயரையும் ஒரு கடிதத்தில் எழுதி, ஆர்.டி.ஓ.வுக்கு, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். 50-வது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும், வெளிமாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். நீங்கள் தாமதம்தான், இருந்தாலும் அனுப்புங்கள். அனுப்பிவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்தது.

யூனிட் பற்றி நாளை எழுதுகிறேன். அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

3 ஜூன் 2024, காலை 6.20

நேற்று இரவு கடைசியாக எழுதிய வரி தப்பு, தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன். அந்தத் தபாலை அனுப்பியதும் பொறுப்பு முடிவதில்லை. நீங்கள் உண்மையிலேயே விற்றீர்கள், மறைக்கவில்லை என்பதற்கு அது நல்ல சான்று, போலீஸ் கேட்டால் கையில் காட்ட ஒரு பேப்பர், அவ்வளவுதான். விபத்து இழப்பீடு என்று வந்தால் பதிவேட்டில் பெயர் மாறியிருக்க வேண்டும். 2018-ல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு ஓனர் 2007-லேயே காரை விற்றுவிட்டார், அது கை மாறிக் கை மாறிப் போய் 2009-ல் ஒரு விபத்து. இன்சூரன்ஸ் இல்லை. கடைசியாக வைத்திருந்தவர் யார் என்று தேடி அலையும் வேலையை அடிபட்ட குடும்பத்தின் தலையில் கட்ட முடியாது, பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான்.

என் கதையும் அதுவே. நான் வக்கீல் இல்லை, திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்தவன். 2014-ல் ஒரு ஆம்னி வேனை உங்களைப் போலவே காலி ஃபார்மில் கையெழுத்துப் போட்டு விற்றேன். 2016-ல் பக்கத்து மாவட்டக் கோர்ட்டிலிருந்து சம்மன், எம்.சி.ஓ.பி. கேஸ், அதாவது விபத்து இழப்பீட்டு வழக்கு. சைக்கிளில் போன ஒரு பெரியவரை வேன் இடித்துக் கால் முறிந்திருக்கிறது. ஓட்டியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. எதிர்மனுதாரர் இடத்தில் என் பெயர். பாலிசி உயிரோடு இருந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியது. அந்தப் பாலிசி முடிய அப்போது 19 நாள்தான் பாக்கி இருந்தது. அந்த 19 என்ற எண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து இடித்திருந்தால் என் வீட்டை விற்றுத்தான் கட்டியிருக்க வேண்டும்.

அதனால் இன்சூரன்ஸ் தேதியை இன்றே பாருங்கள். முடிந்திருந்தால், கார் யாரிடம் இருந்தாலும் பரவாயில்லை, தேர்ட் பார்ட்டி பாலிசியை உங்கள் செலவில் எடுத்துவிடுங்கள். சில ஆயிரம் போகும். போகட்டும்.

3 ஜூன் 2024, இரவு 9.30

யூனிட். நண்பனோடு வாய்ப்பேச்சில் ஆரம்பிப்பது கூட்டுத் தொழில்தான், எழுதாவிட்டாலும் சட்டம் அப்படித்தான் பார்க்கும். 1932 கூட்டாண்மைச் சட்டத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் மொத்தக் கடனுக்கும் தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு. நண்பன் கடனுக்கு நூல் வாங்கினால் நூல்காரர் முழுப் பணத்தையும் உங்களிடமே கேட்கலாம், பாதி மட்டும் தருகிறேன் என்று நீங்கள் சொல்ல முடியாது.

ஒப்பந்தம் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயம் இல்லை என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் 69-வது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்யாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய பணத்துக்காக ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. அதன் மேல் மற்றவர்கள் தாராளமாக வழக்குப் போடலாம். ஒரு கையைக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்வது போல.

ஜி.எஸ்.டி. உடனே வேண்டாம், சரக்கு என்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை.

5 ஜூன் 2024, மாலை 5.00

இன்னொரு வாசகர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. பவர்டேபிள் யூனிட் துணியை வாங்கித் தைத்து விற்பதில்லை, கம்பெனி கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறது. அது சேவை. சேவைக்கு வரம்பு 20 லட்சம். இருபது மெஷின் ஓடுகிற யூனிட்டுக்கு 20 லட்சம் சீக்கிரமே வந்துவிடும். முதல் மாதத்திலிருந்தே பில் போட்டு எண்ணிக்கொண்டு வாருங்கள்.

உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம், 1,500, 2,000 கேட்கிற தளங்கள் எல்லாம் அரசாங்கத்துடையவை அல்ல. யூனிட்காரனுக்கு இதைவிடப் பயனுள்ள பேப்பர் கிடையாது. கம்பெனி கூலி தராமல் இழுத்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. ஆனால் தைத்துக் கொடுக்கும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவும் என்று நம்ப முடியாது. திருப்பூரில் எத்தனை பேர் இப்படிக் கூலியை விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

9 ஜூன் 2024, காலை 11.15

நீங்கள் கேட்டது ஆரம்பிப்பது பற்றி. நான் யோசித்துப் பார்த்ததில் சொல்ல வேண்டியது வெளியே வருவது பற்றித்தான். நுழையும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், நல்ல நேரம் பார்ப்பார்கள். வெளியே வரும்போது கை குலுக்கிவிட்டுப் போய்விடுவோம். காரை விற்ற கதையும் கூட்டுத் தொழிலை விட்ட கதையும் எனக்கு ஒன்றுதான்.

2009-ல் ஆரம்பித்த யூனிட்டிலிருந்து 2017 நவம்பரில் விலகினேன். சண்டை இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இருபது ரூபாய் முத்திரைத் தாளில் "இன்று முதல் எனக்கும் நிறுவனத்துக்கும் பாத்தியம் இல்லை" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளைப் பீரோவில் வைத்தேன். அது எங்கள் இரண்டு பேருக்குள் செல்லும். மூன்றாவது மனிதனுக்கு அது எப்படித் தெரியும்?

முதலில் வந்தவர் தையல் நூல் கடைக்காரர். 2019-ல், வீட்டுக்கே. நான் விலகிய பிறகு வாங்கிய நூலுக்கு 62,000 பாக்கி. அவருக்கு நான் கூட்டாளி என்று எட்டு வருடமாகத் தெரியும், விலகியது தெரியாது. சட்டம் என்ன சொல்கிறதென்றால், விலகுபவர் பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை வெளியாருக்குப் பொறுப்பாளிதான். பொது அறிவிப்பு என்றால் அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் ஓடுகிற ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம், பதிவு செய்த நிறுவனமாக இருந்தால் பதிவாளருக்கும் தகவல். பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் வருகிற அந்த அறிவிப்புகளை யார் படிக்கிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு. படிக்க வேண்டும் என்பதே இல்லை, போட்டிருந்தால் போதும். நூல்காரரிடம் பேசிப் பாதியைக் கொடுத்தேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

2020-ல் ஜி.எஸ்.டி. நோட்டீஸ். 2018-19-க்கான வரி பாக்கி. கூட்டாளியாக என் பெயர் பதிவில் இருந்தது. ஜி.எஸ்.டி. சட்டம் 90-வது பிரிவு: விலகிய தேதியை ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தத் தகவல் போய்ச் சேரும் நாள் வரை பொறுப்புத் தொடரும். இதை எனக்குச் சொன்னவர் ஒரு வயதான ஆடிட்டர், மேசையில் பிரிவைப் பிரித்து வைத்து விரலால் காட்டினார். நான் முத்திரைத் தாளைக் காட்டினேன். "இதை ஒரு கவரில் போட்டு அன்றைக்கே அனுப்பியிருந்தால் போதுமே" என்றார். அனுப்பவில்லை. ரூ.1.12 லட்சம் கட்டினேன்.

9 ஜூன் 2024, மதியம் 2.40

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. வங்கி. சி.சி. (தொழிலுக்கான கேஷ் கிரெடிட் கடன்) அக்கவுண்டுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் போட்டிருந்தால், கூட்டிலிருந்து விலகினாலும் ஜாமீன் விலகாது. இனி தரும் கடனுக்கு ஜாமீன் இல்லை என்று வங்கிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவரை எடுத்த பாக்கிக்கு அப்போதும் பொறுப்புத்தான். அதனால் பாக்கியை அடைத்து, ஜாமீனை விடுவித்து, வங்கியிடம் கடிதம் வாங்கிய பிறகுதான் வெளியே கால் வைக்க வேண்டும். ஷெட் வாடகை ஒப்பந்தம், ஈ.பி. கனெக்ஷன், உத்யம், ஜி.எஸ்.டி., வங்கி, எங்கெங்கே உங்கள் பெயர் எழுதுகிறீர்களோ அதையெல்லாம் முதல் நாளே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வெளியே வரும் நாளில் அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடிக்கலாம்.

காலியான செக்கில் கையெழுத்துப் போட்டு யாருக்கும் "செக்யூரிட்டி"யாகக் கொடுக்காதீர்கள். தொகையை அவர் நிரப்பினாலும் செக் செல்லும், கடனுக்காகக் கொடுத்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. காலி ஃபார்ம் 29-ம் காலி செக்கும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

16 ஜூன் 2024, இரவு 8.05

வாங்குகிற பக்கம் நின்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்துவிடுகிறேன்.

பழைய கார் வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் பார்க்க வேண்டியது ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு. பைனான்ஸ் பெயர் அங்கே இருந்தால், லோன் முடிந்துவிட்டது என்ற வாய்வார்த்தை போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), கடன் குறிப்பை நீக்கும் ஃபார்ம் 35-ம் கையில் வர வேண்டும். சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே குனிந்து பார்த்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பாக்கி சலான் இருக்கிறதா என்று நம்பரைப் போட்டுத் தேடுங்கள்.

டெல்லி வண்டி மலிவு என்று ஆசைப்படுபவர்களுக்கு: 2024-ல் பத்து வருடம் தாண்டிய டீசல் காரை அங்கே ஓட்டத் தடை இருந்தது, அதனால்தான் மலிவு. என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் எடுக்கும் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது.

இன்சூரன்ஸ் தானாக வாங்கியவருக்கு மாறிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. அடிபட்ட மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் தானாக மாறும், 157-வது பிரிவு. உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கு 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ரூபாயும் வராது. நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, விற்றவருக்கு உரியது. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும், விற்பவர்கள் அதைக் கேட்டு வாங்கி அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அப்பா பெயரில் உள்ள கார் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றும் ஃபார்ம் 31. வாரிசுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் தகவலை மட்டும் முதலில் கொடுத்துவிடுங்கள்.

14 ஜூலை 2024, காலை 10.00

புது யூனிட்காரர் ஒருவர், நிறுவனப் பெயரில் புதுக் கார் எடுத்தால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்று ஷோரூமில் சொன்னதாக எழுதியிருக்கிறார். கிடைக்காது. டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணி வண்டிக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. டாக்ஸி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல், வண்டி விற்பவர் ஆகியோருக்குத்தான் விலக்கு. சரக்கு ஏற்றும் வண்டி வேறு, அதற்கு எடுக்கலாம். தேய்மானம் வருமான வரியில் கழியும், அது தனிக் கணக்கு. பத்து லட்சத்துக்கு மேல் கார் எடுத்தவர்கள் பில்லில் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடித்திருப்பார்கள், அதை ரிட்டர்னில் காட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனப் பெயரில் வாங்கினால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்றும் நான் போன வாரம் ஒருவருக்குப் பதில் எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சட்டம், ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்ஸிக்காரர் நுகர்வோர்தான். இந்த ஜூலை 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போய், ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது என்று சொல்லியிருக்கிறது. எதற்காக வாங்கினோம் என்பதுதான் கேள்வி. மாவட்ட ஆணையத்தில் 50 லட்சம் வரை, 5 லட்சம் வரையானவற்றுக்குக் கட்டணமே இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தனிமனிதர் தனிமனிதரிடம் வாங்கிய பழைய காருக்கு இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்தான்.

11 ஆகஸ்ட் 2024, மாலை 4.30

முதலில் கேட்ட தம்பி நேற்று எழுதியிருந்தார். புரோக்கருக்கு வக்கீல் நோட்டீஸ் போனதும் மூன்றாவது கையில் இருப்பவரின் நம்பர் வந்துவிட்டதாம். கார் தாராபுரத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஜூன் 28-ல் முடிந்திருக்கிறது, இவர் முன்பே பார்த்துப் புதுப்பித்துவிட்டார். அதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வாங்கியவர் நல்ல மனிதராகத் தெரிகிறது, நாளை திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறார்கள்.

தம்பி, பழைய காலி ஃபார்ம்கள் அவரிடம் இருந்தால் உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள், புதிதாக நிரப்பி அவர் பெயர் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவருடைய ஆதார் நகலில் அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுங்கள். பாலிசியை அவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தையும் அன்றே கொடுத்துவிட்டால் இன்னொரு அலைச்சல் மிச்சம். ஆர்.சி. நிலையில் பெயர் மாறியதும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, யூனிட் ஒப்பந்தம் வைத்திருக்கும் ஃபைலிலேயே போடுங்கள். பெயர் மாற ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம், தினமும் பாருங்கள். மாறியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.